அறையின் வேகம்

எங்கள் அறையில் ஒன்பது கம்ப்யூட்டர். ஒன்பதும் ஒரே வேகத்தில்தான் ஓடும். அது மெஷினின் வேகம் இல்லை, என்னுடைய வேகம்.

விபத்தில் அடிபட்ட வண்டிகளுக்குக் காப்பீட்டுப் பணம் கேட்டு, வண்டிக்காரர்கள் கையால் எழுதிக்கொடுத்த படிவங்கள் எங்களுக்கு ஸ்கேன் ஆகி வரும். அதைப் பார்த்து டைப் அடிக்க வேண்டும். பெயர், வண்டி எண், எங்கே இடித்தது, எப்படி இடித்தது. நான் படிப்பைப் பாதியில் விட்டவன். டைப்பிங் வகுப்பின் பக்கம்கூடப் போனதில்லை. இரண்டு விரலால் அடிப்பேன். தானியம் பொறுக்குகிற மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய் எனக்குக் கோழி என்றே பெயர் நின்றுவிட்டது.

ஒரு நாளைக்கு எழுபது படிவம் அடிப்பேன். தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் வராது. பக்கத்து சீட் கண்ணாடி அக்காவுக்கும் அதே கதிதான். ஸ்கிரீனுக்கு ஒரு கண்ணாடி, கீபோர்டுக்கு ஒரு கண்ணாடி என்று மாற்றி மாற்றிப் போடுவதிலேயே அவருக்குப் பாதி நாள் போய்விடும். மற்ற ஆறு பேருக்குக் கை ஓடும். ஆனாலும் அவர்கள் எழுபதோடு நிறுத்திவிடுவார்கள். எங்கேயும் எழுதி வைத்ததில்லை, யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. மூலை சீட்டில் இருக்கிறவர் எழுபதில் எழுந்து கை கழுவப் போவார். உடனே எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

மூலை சீட்காரர்தான் அறையிலேயே பழைய ஆள். கீபோர்டை வேண்டாத சொந்தக்காரன் மாதிரிதான் தொடுவார். ஒரு வரியைக் காப்பி எடுக்க மவுஸை இழுத்து, வலது பக்கம் அமுக்கி, வருகிற பட்டியலைப் பொறுமையாகப் படித்து, அதில் காப்பியைத் தேடி அமுக்குவார். ஒட்டுவதற்கும் அதே ஊர்வலம். புதிதாக வந்த மேனேஜர், "ஏன் எல்லாருமே எழுபதுல நிக்கிறீங்க?" என்று கேட்டபோது, "எங்களுக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டர் அவ்வளவுதான் சார்" என்றார். மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். மேனேஜர் நம்பினார். அடுத்தவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் யாரும் சுலபமாக நம்பிவிடுவார்கள்.

அவர் செய்த ஒரே முட்டாள்தனம், காலியாக இருந்த ஒன்பதாவது சீட்டுக்குத் தன் மச்சினனைக் கொண்டுவந்தது. மனைவியின் நச்சரிப்பு. தம்பி வேலை இல்லாமல் இவர் வீட்டு ஹாலில் படுத்துக் கிடந்தான். வந்த முதல் நாளே அறையின் அந்தக் கோடியிலிருந்து "அத்தான்" என்று கூப்பிட்டான். அன்றிலிருந்து எங்கள் எல்லாருக்கும் அவர் அத்தான். மேனேஜர்கூட அத்தான் என்றுதான் கூப்பிட ஆரம்பித்தார்.

"அத்தான், எழுபது முடிஞ்சிருச்சு. அடுத்து என்ன?"

அப்போது மணி மதியச் சாப்பாட்டு நேரத்தைக்கூடத் தொடவில்லை.

"அடுத்து வாயை மூடிட்டு உட்காரு," என்றார் அத்தான்.

நான் போய் அவன் ஸ்கிரீனைப் பார்த்தேன். விண்டோஸ் கீயையும் அம்புக்குறியையும் அமுக்கி, படிவத்தை இடது பாதியிலும் டைப் அடிக்கிற கட்டத்தை வலது பாதியிலும் நிறுத்தி வைத்திருந்தான். நாங்கள் ஒவ்வொரு வரிக்கும் இதை மூடி அதைத் திறந்துகொண்டிருந்தோம். காப்பி எடுத்தது ஒன்றோடு நிற்கவில்லை. விண்டோஸ் கீயோடு வி-யை அமுக்கினால் காலையிலிருந்து காப்பி எடுத்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எல்லாவற்றையும்விடப் பெரியது இன்னொன்று. பாதிப் படிவங்களில் விபத்துக்குக் காரணம் ஒன்றேதான் இருக்கும்: 'பின்னால் வந்த வாகனம் மோதியதால் சேதம் ஏற்பட்டது.' அதை நான் நாள் முழுக்கக் கொத்திக் கொத்தி அடிப்பேன். அவன் இரண்டு எழுத்தைத் தட்டி ஸ்பேஸ் அமுக்கினான். முழு வரியும் தானாக விழுந்தது.

சாப்பாட்டு மேஜையில் அத்தான் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அக்கா என் உயிரை எடுத்ததாலதான் உன்னை உள்ளே விட்டேன். இங்க எழுபதுன்னா எழுபது."

"வேலை செஞ்சா தப்பா அத்தான்?"

"செய்யி. சாயங்காலம் வரைக்கும் செய்யி."

"நீங்க மவுஸைப் பிடிச்சுக்கிட்டு ஊரைச் சுத்துறீங்க. நானும் பின்னாடியே வரணுமா?"

"திங்கிறது என் வீட்டுச் சோறு. வாய் மட்டும் சொந்த வாயா?"

"சோத்துக்குக் கணக்கு வெச்சுக்கோங்க. நிரந்தரம் ஆனதும் தனியா ரூம் பார்த்துட்டுப் போயிடுறேன். உங்க மூஞ்சியை வீட்டுலயும் பார்த்து இங்கயும் பார்க்க என்னால ஆகாது."

கண்ணாடி அக்கா டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனார்.

அந்த வாரமே மேனேஜர் கண்ணில் அது பட்டுவிட்டது. எட்டு பேர் எழுபதில் நிற்க, ஒருவன் மட்டும் இருநூறைத் தாண்டினால் குருடனுக்கும் தெரியும். அறையின் நடுவில் வந்து நின்றார். சனிக்கிழமை காலை மச்சினன் எல்லாருக்கும் செய்து காட்டுவான், எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். நல்லபடியாகச் செய்து காட்டினால் அவனை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். போகிற போக்கில், "இப்படி அடிச்சா இந்த ரூமுக்கு ஏழு பேர் போதும்," என்றார்.

ஒன்பதில் ஏழு போனால் மிச்சம் யார் யார் என்று யாருக்கும் விரல் விட வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி அக்கா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் படிக்கட்டில் மச்சினனை மறித்தேன்.

"இந்த சீட் போனா எனக்கு வேற கதி இல்ல தம்பி. சனிக்கிழமை உடம்பு சரியில்லைன்னு சொல்லிடேன்."

"எதுக்கு? கத்துக்கோங்க அண்ணே. கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி. அணுகுண்டா செய்யச் சொல்றேன்?"

செய்து பார்க்காமல் இல்லை. கன்ட்ரோலைத் தேடிக் குனிந்தால் படிவத்தில் வரி தவறிப் போகும். வரியைத் தேடி நிமிர்ந்தால் விரல் வேறு எங்கோ இருக்கும். அன்று ஐம்பதோடு நின்றுவிட்டேன். என்னைக் காப்பாற்ற அறை முழுக்க ஐம்பதுக்கு இறங்கும் என்று ஒரு நிமிடம் எதிர்பார்த்தேன். யாரும் இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். மச்சினன் தன் சீட்டில் உட்காரப் போனான்.

"அங்க வேணாம்," என்றார் அத்தான். "அது புது மெஷின். என்னோடதுல செஞ்சு காட்டட்டும் சார். கிழட்டு மெஷின்லயும் ஓடுதான்னு பார்ப்போம்."

மேனேஜருக்கு அது நியாயமாகப் பட்டது. மச்சினன் மூலை சீட்டில் உட்கார்ந்து விரல்களை நெட்டி முறித்துக்கொண்டான். "கவனமா பாருங்க. மவுஸைத் தொடவே மாட்டேன்."

தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினான். ஸ்கிரீன் மரக்கட்டை மாதிரி இருந்தது. வேகமாக ஒரு பெயரை அடித்தான். ஒரு எழுத்துகூட விழவில்லை.

"கீபோர்டு போயிருச்சு சார்."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு," என்று அத்தான் குனிந்தார். ஒரு விரலை நீட்டி ஒரு கீயை அமுக்கினார், மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன் மாதிரி நிதானமாக. எழுத்து விழுந்தது. இன்னொன்று. அதுவும் விழுந்தது. "இதோ ஓடுதே."

மச்சினன் படபடவென்று தட்டினான். ஒன்றும் இல்லை. அத்தான் மெல்ல அமுக்கினார். விழுந்தது.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவசரக் கைக்கு மெஷின் பிடி கொடுக்காது தம்பி," என்றார் அத்தான்.

"திங்கக்கிழமை பார்க்கலாம்," என்று மேனேஜர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஒரு நிமிஷம் சார்."

மச்சினன் ஒரு கீயின் மேல் விரலை வைத்து எடுக்காமலே இருந்தான். கொஞ்சம் கழித்து எழுத்து விழுந்தது. அவன் அத்தானை நிமிர்ந்து பார்த்தான். மவுஸைத் தொட மாட்டேன் என்றவன் மவுஸை எடுத்து செட்டிங்ஸுக்குள் போய் ஒரு பக்கத்தைத் திறந்தான்.

"கை நடுங்குறவங்களுக்காக வெச்சிருக்கிற வசதி சார் இது. தெரியாம விரல் பட்டா எழுத்து விழாது, அழுத்திப் பிடிச்சாதான் விழும். யாரோ ஆன் பண்ணியிருக்காங்க. ஆன் ஆனா கீழே ஒரு சின்ன அடையாளம் வரும், அதையும் மறைச்சிருக்காங்க. மறைக்கலாம்னு எனக்கே இப்பதான் தெரியும்."

அதை அணைத்தான். பிறகு அரை மணி நேரம் அவன் கை விளையாடியதை நான் பார்க்கவில்லை. மேனேஜரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் செஞ்சதுன்னு நான் கேக்கப் போறதில்ல," என்றார் கடைசியில். "காப்பி எடுக்கவே தெரியாதவங்க ரூம்னு நினைச்சுட்டு இருந்தேன். இவ்வளவு தெரிஞ்ச ஆள் இங்கயே இருக்கார்னா, எழுபதுங்கறது தெரியாததால வந்த எழுபது இல்ல. அது தெரிஞ்சா எனக்குப் போதும்."

கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு பூட்டு போட்டு வெச்சது, உங்களுக்கு இவ்வளவு தெரியும்னு வெளியே வரக் கூடாதுன்னுதானா அத்தான்?" என்றான் மச்சினன்.

அத்தான் மவுஸை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, தன் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினார். மச்சினன் எழுந்துகொண்டான்.

திங்கட்கிழமை மூலை சீட்டிலிருந்து மழை மாதிரி சத்தம் வந்தது. அத்தான் பத்து விரலாலும் அடித்துக்கொண்டிருந்தார். விழி படிவத்தை விட்டு அசையவில்லை. சாயங்காலம் கணக்கு வந்தபோது மச்சினனைவிட முப்பது கூடுதல். மறுநாள் மற்ற ஐந்து பேரும் ஆரம்பித்தார்கள். எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ தெரியாது, ஆளுக்கொரு வித்தை கையில் இருந்தது. எழுபதில் நான் எழுந்து கை கழுவப் போனேன். கூட யாரும் வரவில்லை. கண்ணாடி அக்கா மட்டும் வந்து, குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றார்.

வாரக் கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு கண்ணாடியையும் ஒரே உறையில் திணித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். நான் வண்டி நிறுத்தும் இடத்தில் காத்திருந்தேன். அத்தான் வந்தார். ஹெல்மெட் கையில்.

"தப்பா நினைக்காதே கோழி. எனக்கு மூணு பிள்ளைங்க."

"எனக்கு ரெண்டு விரல்."

"நான் என்ன செய்ய முடியும் சொல்லு."

"இத்தனை வருஷம் பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க. இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருந்தீங்க. ஒரு நாளாவது எனக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்தீங்களா?"

அத்தான் ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "சொல்லிக் குடுத்தா நீ வேகமாயிடுவே. அப்புறம் எழுபதுல எப்படி நிக்கிறது? யார் வந்து கேட்டாலும் உன்னையும் அக்காவையும் காட்டினாப் போதும். நீங்க மெதுவா இருந்ததாலதான் எங்களால மெதுவா இருக்க முடிஞ்சது."

அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்று நினைத்திருந்தேன்.

மச்சினன் ஓடி வந்தான். கழுத்தில் புது அடையாள அட்டை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தான். தனி ரூம் பேச்சு என்ன ஆயிற்றோ.

"அத்தான், அந்த அடையாளத்தை மறைச்சீங்களே, அது எந்த இடத்துல இருக்கு?"

"அதெல்லாம் பழசுடா. மவுஸே இல்லாம, நம்பர் கீயை வெச்சு ஸ்கிரீன் பூரா அம்பை நகர்த்தலாம், தெரியுமா உனக்கு?"

"நிஜமாவா?"

"வீட்டுக்கு வா, காட்டுறேன்."

அத்தான் வண்டியைக் கிளப்பினார். நான் முன் சக்கரத்துக்கு நேராக நின்றிருந்தேன். இரண்டு பக்கமும் நெருக்கமாக வண்டிகள். ஹார்ன் அடித்தார். மறுபடி அடித்தார்.

"நகரு கோழி. நேரமாகுது."

"சுத்திப் போ," என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார். மச்சினன் இறங்கினான். இருவருமாக வண்டியைப் பின்னால் தள்ளி, வரிசை முழுவதையும் தாண்டி, குப்பைத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள்.