மாப்பிள்ளை திரைக்குப் போட்ட கதவு

நம்பிக்கையின் விலை ஐந்து சதவீதம். என் தங்கை வீட்டு நிலவரம் அது. மாப்பிள்ளை அதற்கு மேல் தள்ளுபடி கொடுத்தால் அன்றைக்கு நம்பிக்கை கையிருப்பில் இல்லை.

இருவருக்கும் ஆபீஸ் நாற்காலி வியாபாரம். முன்னறையில் மாப்பிள்ளை கொட்டேஷன் அடிப்பார். அடுத்த அறையில் தங்கையின் கம்ப்யூட்டரில் அவர் திரை அப்படியே தெரியும். கணக்கு சரிபார்க்க வசதி என்று நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவர் எட்டு சதவீதம் என்று அடித்து முடிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "ஏங்க, அவங்க கேக்கவே இல்ல. எதுக்கு வாரி இறைக்கிறீங்க?"

எதிரே இருக்கும் வாடிக்கையாளர் திடீரென்று நாற்காலியின் கைப்பிடியை ஆராய்வார். மாப்பிள்ளை எட்டை ஐந்தாக்குவார். இருபது வருஷ வியாபாரி, சொந்தமாக ஒரு விலை சொல்ல வழியில்லை.

போன மாதம் என்னைக் கூப்பிட்டார். "மச்சான், எழுத்தெல்லாம் மங்கலா இருக்கு. அந்தப் புதுசுக்கு மாத்திடலாமா?"

அவர்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் ஓடுவது லினக்ஸ். அதில் திரையைக் காட்டும் அமைப்பு இரண்டு. பழசு எக்ஸ், புதுசு வேலண்ட். பழசில் கதவே கிடையாது. யார் திரையை யார் எட்டிப் பார்த்தாலும் கேள்வியில்லை. புதுசில் பார்க்க வருகிறவர் தட்ட வேண்டும், 'திரையைக் காட்டலாமா?' என்று உரியவரைக் கேட்கும். பெரிய மானிட்டரும் சின்னதும் சேர்ந்திருந்தால் எழுத்தும் புதுசில்தான் தெளிவு. அவருக்கு எந்தத் தெளிவு வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா?

தங்கைக்கும் தெரிந்திருந்தது. "மங்கலா இருந்தா கண்ணாடி போடச் சொல்லுண்ணே. பழசு ஓடாமலா நின்னுடுச்சு?"

"கண்ணாடி போட்டும் மங்கல்தான்," என்றார் மாப்பிள்ளை, என்னைப் பார்த்து.

அரைமணி நேரம் இழுபறி. கடைசியில் நான் சொன்னேன்: "புதுசுல அவர் 'சரி'ன்னு அமுக்கினாத்தான் உனக்குத் தெரியும். சம்மதமா?"

"அவர் கையால அமுக்கணுமா? அப்போ போட்டுடுண்ணே."

பேரத்தில் எதிராளி இப்படிச் சட்டென்று இறங்கினால் சரக்கை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை இருந்த சந்தோஷத்தில் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் வாடிக்கையாளர் வந்ததுமே திரையில் ஒரு பெட்டி: 'காட்டலாமா?' கீழே 'சரி', 'வேண்டாம்'. அடுத்த அறையில் சத்தமே இல்லை. முன்பு அவள் பாட்டுக்குப் பார்த்தாள். இப்போது இவரே பெண்டாட்டியை 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். 'சரி'யை அமுக்கினார்.

பன்னிரண்டாம் நாள், ஒரு பள்ளிக்கூடத்து ஆர்டர். துணிந்து 'வேண்டாம்' அமுக்கிவிட்டார். எட்டு அடித்தார். குரல் வரவில்லை. கொஞ்சம் காத்திருந்தார். இருமினார். அப்போதும் வரவில்லை. ஏழாக்கினார். "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போய் அடுத்த அறையில் தலையை நீட்டினார்.

"ஏம்மா, ஸ்கூலுக்கு எவ்வளவு போடலாம்?"

அவள் நிமிரவில்லை. "உங்க இஷ்டங்க."

திரும்பி வந்து நாலு போட்டார்.

மாதக் கடைசியில் அவரே எனக்கு எண்ணிச் சொன்னார். பெட்டி கேட்டது நாற்பத்தொரு தடவை. 'சரி' நாற்பது. 'வேண்டாம்' ஒன்று. அந்த ஒன்று ஏன் என்று தங்கை இன்னும் கேட்கவில்லை. அது மட்டும் பாக்கி.