குழாய்க்குள் ஒரு சிலந்தி

1

இந்தக் கதை பிறந்ததற்கு முழுக் காரணம் என் அண்ணன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் என் மேல் பழி போடக் கூடாது.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. பொறுமைசாலி, பெருந்தன்மையானவர். தான் கோழி வாட்ட ஆசையாக வாங்கிய கேஸ் கிரில் அடுப்பு எரியாமல் போனபோது அதைத் தூக்கி எறியாமல், "நீ வேணா சரி பண்ணிப் பாரு" என்று மனைவியிடம் கொடுத்த தாராள மனசுக்காரர். அந்த அடுப்பு எப்படி மறுபடி எரிந்தது என்பதுதான் கதை. அதில் அண்ணனின் பங்கு மகத்தானது.

2

போய்விட்டாரா?

எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். போய்விட்டார். அண்ணன் எதைப் படித்தாலும் முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும்தான் படிப்பார். கேட்டால், "எங்க கிளம்பினோம், எங்க போய்ச் சேர்ந்தோம், அதான்டா முக்கியம். நடுவுல என்ன, வெறும் ரோடு" என்பார். ஆகவே இப்போது நாம் ரோட்டில் இருக்கிறோம். தாராளமாகப் பேசலாம்.

கதையின் உண்மையான காரணம் அண்ணி. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதிக்கோ தம்பி. ஆனா அவர் படிக்கிற இடத்துல எழுதாதே" என்றார். எனக்குத் தெரிந்து எந்த எழுத்தாளருக்கும் இவ்வளவு தெளிவான இலக்கண விதி கிடைத்ததில்லை.

தொடங்குவதில்தான் சிக்கல். முயன்று பார்த்தவை:

"அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் மேகமூட்டத்துடன்" (விட்டுவிட்டேன். வானத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

"துருவுக்கும் மனித வாழ்வுக்கும் இடையே ஓர் ஆழமான" (இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று எனக்கே தெரிந்துவிட்டதால் வழியிலேயே இறங்கிக்கொண்டேன்.)

"டமார்!"

மூன்றாவதை அண்ணி படித்தார். கையில் கம்பி பிரஷ், மூக்கு நுனியில் கரி.

"எதுக்கு டமார்?"

"கேஸ் கதை அண்ணி. படிக்கிறவங்க எதிர்பார்ப்பாங்க."

"மூடியை மூடி வெச்சுக்கிட்டுப் பத்தவெச்சாத்தான் டமார். நான் அப்படிப் பத்தவைக்கிற ஆளா? எடு அதை."

எடுத்துவிட்டேன். வெடி வெடிக்காத கேஸ் கதை இது. ஏமாற்றமாக இருந்தால் அண்ணியிடம் புகார் செய்யுங்கள்.

3

அண்ணிக்குப் பல் செய்யும் கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அண்ணி அதற்கேற்ற பல்லைச் செதுக்கி, மெருகேற்றி, டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவார். அந்தப் பல் எந்த வாயில் உட்கார்ந்தது, எதைக் கடித்தது என்று ஒருநாளும் தெரியாது.

"சமைச்சு அனுப்பிட்டு, ஒருத்தர் சாப்பிடறதையும் பார்க்காம இருக்கிற மாதிரி தம்பி. அடுப்புன்னா அப்படி இல்ல. சரி பண்ணினோமா, பத்தவெச்சோமா, எரியுதா இல்லையா, கண்ணு முன்னாடி தெரிஞ்சுடும்."

எனவே அண்ணி தெருவோரத்தில் யாராவது கைவிட்டுவிட்டுப் போன கிரில் அடுப்புகளைக் கூட்டி வருவார். கார் ஷெட்டில் அவற்றுக்கு வைத்தியம் நடக்கும். கழற்றுகிற திருகாணியெல்லாம் பழைய முட்டை அட்டையின் குழிகளில், கழற்றிய வரிசையிலேயே உட்காரும். கம்பித்தட்டுகள் சோப்புத் தண்ணீரில் ஊறும். மூடியின் உள்பக்கம் செதில் செதிலாக உரிவது பெயிண்ட் இல்லை, எத்தனையோ விருந்துகளின் கொழுப்பு. அதைச் சுரண்ட, கடைவாய்ப் பல்லுக்கான கொக்கி ஒன்று வைத்திருக்கிறார்.* பர்னரின் ஓட்டைகளைக் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தி விடுவார். பர்னர் குழாயின் வாய் சிலந்திக்கு ரொம்பப் பிடித்த இடம். அங்கே கூடு கட்டினால் கேஸ் சரியாகப் போகாது, அடுப்பு அழுது வடியும். அதனால் குழாய் வாயில் பொடிக் கண் வலை ஒன்றை மாட்டுவார். கடைசியில் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். குமிழி வந்தால் கசிவு, வராவிட்டால் டீ.

அண்ணனுக்கு இதெல்லாம் ஆகாது.

"அடுப்புக்கு அனாதை ஆசிரமம் நடத்துறியா? என் கார் வெளியே நிக்குது. காக்கா அதுல தினமும் கையெழுத்துப் போடுது."

"துடைச்சாப் போயிடும்ங்க."

"யார் துடைக்கிறது? சரி, பேச்சு வேணாம். ஞாயித்துக்கிழமை முதலாளி சாப்பிட வர்றார். செத்துப்போச்சுன்னு நான் ஒதுக்கினேன் பாரு, அந்த அடுப்பு, அதை எரிய வை. எரிஞ்சா ஷெட் உன்னுது, இனிமே வாயே திறக்கமாட்டேன். எரியலைன்னா மறுநாளே எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு."

"சரி."

"பத்தவைக்கிறது நான். நீ பத்தவெச்சா ஏதாவது தகிடுதத்தம் பண்ணுவே."

"அதுக்கும் சரி."

(முதலாளி என்றால் ஓட்டுநர் பள்ளியின் முதலாளி. கதையில் இவரோடு ஆட்கள் முடிந்தார்கள். சிலந்தியை ஆள் என்று கணக்கில் எடுப்பதா என்பது பின்னால் தெரியும்.)

இந்தப் பகுதியைப் படித்தபோது அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. "கீழே பொடி எழுத்துல என்னமோ இருக்கே?"

"அடிக்குறிப்பு அண்ணி."

"அதெல்லாம் நான் படிக்கமாட்டேன். நாள் முழுக்கப் பொடிசு பொடிசாப் பார்த்தே கண்ணு பூத்துப்போகுது."

இதை வாசகர் நினைவில் வைக்கவும். நான் வைத்துக்கொண்டேன்.

* இந்தக் கொக்கி வேலையிடத்தில் "தேய்ந்துவிட்டது" என்று ஒதுக்கப்பட்டதாம். எவ்வளவு தேய்ந்திருந்தது என்று நான் கேட்கவில்லை. பளபளவென்று இருக்கிறது.

4

அண்ணனை வில்லனாக்க எவ்வளவோ முயன்றேன். "மீசையை முறுக்கியபடி அவர்" என்று ஒரு வரி ஆரம்பித்தேன். அண்ணனுக்கு மீசை இல்லை. மேலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் செய்த காரியம் அந்த வேடத்துக்குச் சரிப்படவில்லை. யாரும் சொல்லாமலேயே எழுந்து மேஜையைத் துடைத்தார். தட்டு, இடுக்கி, துணி எல்லாவற்றையும் நூல் பிடித்ததுபோல் நேராக அடுக்கினார். அடுப்பு எரிய வேண்டும் என்றுதான் அவருக்கும் ஆசை என்று எனக்குப் பட்டது. இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன வில்லத்தனம் பண்ணுவது?

முந்தின நாள் அண்ணி பற்றவைத்தபோது அடுப்பு முழுக்க நீலமாக எரிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இது முக்கியம்.

முதலாளி வந்தார். கையில் காலித் தட்டை அப்போதே பிடித்துக்கொண்டார், நம்பிக்கையுள்ள மனிதர். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஷெட் சுவரையொட்டி வைத்திருந்த அடுப்பின் முன் நின்றார்.

"எதையும் ரெடியா வெச்சுக்கிட்டுத்தான் சார் ஆரம்பிக்கணும்" என்றார். மூடியைத் திறந்தார். அது சரி. வரிசையாக எல்லா நாப்களையும் திருகித் திறந்து வைத்தார். பிறகு குனிந்து சிலிண்டரை ஒரே திருகில் முழுக்கத் திறந்தார். நிமிர்ந்து பொத்தானை அழுத்தினார்.

அடுப்பு பற்றிக்கொண்டது. பிறந்தநாள் கேக் மெழுகுவத்தி அளவுக்கு.

காத்திருந்தோம். மூடியில் இருந்த சூடு காட்டும் முள் அசையவே இல்லை. கோழித் துண்டுகள் கம்பித்தட்டின் மேல் வெயில் காய்ந்தன.

"என்னப்பா, அடுப்புக்குக் காய்ச்சலா?" என்றார் முதலாளி.

அண்ணன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னேன்ல? செத்ததை எழுப்ப முடியுமா?"

அண்ணி அடுப்பைப் பார்க்கவில்லை. அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருக்கும் ரெகுலேட்டர் கொஞ்சம் பயந்த சுபாவம். நாப்கள் ஏற்கெனவே திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தால், கேஸ் ஒரேயடியாகப் பாயும். உடனே அது, "ஐயோ, எங்கேயோ குழாய் கிழிஞ்சுபோச்சு" என்று நினைத்துத் தன்னைத் தானே இறுக்கிக்கொண்டு, பேருக்குக் கொஞ்சம் மட்டும் விடும். எல்லாவற்றையும் மூடி, சற்று நேரம் ஆறவிட்டு, சிலிண்டரை முதலில் மெதுவாகத் திறந்து, அப்புறம் நாப்பைத் தொட்டால் ஒரு கோளாறும் இல்லை.

அண்ணன் வாங்கிய முதல் அடுப்பு "செத்தது". அதற்கு அடுத்து வாங்கியதும் "செத்தது". தன் கை ராசியில்லாத கை என்று ஒருமுறை அவரே சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். எந்த அடுப்பும் சாகவே இல்லை என்பது அந்த நொடியில் அண்ணிக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார்.

எதிரே முதலாளி. கிளட்ச் முதலிலா கியர் முதலிலா என்று ஊருக்கே வரிசை சொல்லிக்கொடுக்கும் வேலையை அண்ணனுக்குக் கொடுத்தவர்.

5

இங்கே நிறுத்திவிட்டு முடிவுகளைத் தேடினேன்.

(அ) அண்ணி சொல்லிவிடுகிறார்: "ஏங்க, முதல்ல சிலிண்டர், அப்புறம்தான் நாப்." முதலாளி விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஷெட் அண்ணிக்கு. அண்ணன் அதற்குப் பிறகு வீட்டில் பேசுவதே இல்லை. எந்த அறைக்குப் போகிறார் என்று கையால் சிக்னல் மட்டும் காட்டுகிறார்.

(அண்ணி படித்துவிட்டு: "ஷெட்டை வெச்சுக்கிட்டு வீட்டை என்ன பண்றது?")

(ஆ) அண்ணி ஒன்றும் சொல்வதில்லை. மறுநாள் பழைய இரும்புக் கடை வண்டி வருகிறது. முட்டை அட்டை காற்றில் பறக்கிறது.

(அண்ணி: "நான் என்ன தியாகியா? இதுக்கு டமாரே தேவலாம்.")

(இ) அண்ணியின் விழியோரத்தில் ஒரு துளி

(பல் கொக்கியை எடுத்துக் காட்டினார். விட்டுவிட்டேன்.)

எனவே வேறு வழியில்லாமல் நடந்ததையே எழுதுகிறேன்.

"சிலந்தி!" என்றார் அண்ணி.

"என்னது?"

"குழாய்க்குள்ள சிலந்தி கூடு கட்டியிருக்கும்ங்க. தள்ளுங்க."

நாப்களை மூடினார். சிலிண்டரை மூடினார். பாட்டில் கழுவும் பிரஷை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் பின்னால் குனிந்தார். முதலாளியும் அண்ணனும் முன்பக்கம் நின்றார்கள். நான் மட்டும் பக்கவாட்டில். பிரஷ் குழாய்க்குள் போகவில்லை. ஷெட் சுவரின் மூலைக்குப் போனது. அங்கே இருந்த ஒட்டடையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது.

"பாருங்க, எவ்வளவு பெரிய கூடுன்னு!"

அந்தக் குழாயின் வாயில் வலை மாட்டியது அண்ணியேதான். அதைத் தாண்டி உள்ளே போக வேண்டுமானால் சிலந்தி, கொசுவாகப் பிறந்திருக்க வேண்டும்.

ரெகுலேட்டர் ஆற நேரம் வேண்டுமே? அந்த நேரத்துக்கு அண்ணி சிலந்தியைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதற்குக் கேஸ் வாசம் எவ்வளவு பிடிக்கும், இருட்டுக் குழாய் எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு சுறுசுறுப்பு என்றெல்லாம். முதலாளிக்குச் சிலந்தி மேல் மரியாதையே வந்துவிட்டது. "நம்ம பசங்களுக்கு இந்தச் சுறுசுறுப்பு இல்லையேம்மா" என்றார்.

அண்ணி குனிந்து சிலிண்டரை மெதுவாகத் திறந்தார். "ம், இப்போ நீங்களே பத்தவைங்க."

அண்ணன் நாப்பைத் திருகி அழுத்தினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீலம். முதலாளி தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார்.

"சிலந்தியாத்தான் இருக்கும்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்றார் அண்ணன்.

6

சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்க்கும்போது கேட்டேன். "சரி அண்ணி, அடுத்த தடவை?"

"அடுத்த தடவையும் சிலந்திதான்."

"அதுக்கடுத்த தடவை?"

"ஷெட் எனக்கு வேணும் தம்பி. அவரும் வேணும். சிலந்திக்கா பஞ்சம்?"

ஷெட்டில் எல்லா இடத்தையும் துடைக்கும் அண்ணி இப்போது அந்த ஒரு மூலையை மட்டும் துடைப்பதில்லை. அவருடைய ஷெட்டே அந்த ஒட்டடையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.*

அடுத்தது கடைசிப் பகுதி. அண்ணன் வந்துவிடுவார். நிமிர்ந்து உட்காருங்கள். சிரிப்பு வந்தால் இருமலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

 * அண்ணி இதைப் படிக்கமாட்டார். அண்ணன் இந்தப் பக்கமே வரமாட்டார். வீட்டில் பாதுகாப்பான இடம் இது ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் தனியாக அடுப்பின் முன் நிற்பதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூடியைத் திறந்தார். நாப்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, மூடியிருக்கிறதா என்று பார்த்தார். குனிந்து சிலிண்டரைத் திறந்தார்: முதல்நாள் மாணவன் கிளட்சை விடுவதுபோல, அவ்வளவு மெதுவாக. அப்புறம்தான் நாப். அடுப்பு முழுக்க நீலமாக எரிந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அணைத்தார். பிறகு பாட்டில் பிரஷை எடுத்துக்கொண்டு ஷெட் மூலைக்குப் போய், ஒட்டடையில் நன்றாகச் சுற்றி, அண்ணி வந்தால் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார். அண்ணி வந்ததும், "இன்னிக்கும் சிலந்திதான். நானே எடுத்துட்டேன்" என்றார். "அப்படியா? நல்லவேளை" என்றார் அண்ணி. இதை நான் யாரிடம் சொல்வது? உங்களிடம் சொல்லிவிட்டேன்.

7

ஆக, குழாய்க்குள் இருந்த சிலந்திக் கூட்டை எடுத்ததும் அடுப்பு எரிந்தது. கண்டுபிடித்தவர் அண்ணி. முதலிலேயே சந்தேகப்பட்டவர் அண்ணன். ஷெட் சொன்ன வாக்குப்படி அண்ணிக்கே. அதில் இப்போது புதிதாக ஓர் அடுப்பு சேர்ந்திருக்கிறது; ஏதோ ஒரு தெருமுனையில் கிடந்ததை அண்ணனே பார்த்து, ஓட்டிக்கொண்டிருந்த மாணவரை நிறுத்தச் சொல்லி, பள்ளிக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். அவருடைய கார் வெளியேதான் நிற்கிறது. காக்கைகள் நலம்.

கதைக்கு முடிவு எங்கே என்று கேட்பீர்கள். நான் எழுதப்போவதில்லை, அது உங்கள் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். அடுப்பு சூடேறுவதற்குள் அண்ணனோ அண்ணியோ உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, அந்தச் சிலந்தியைப் பற்றிச் சொல்வார்கள்.

முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்ளுங்கள்.