நனைந்த பூனை யாருடையது

அந்தப் பூனையின் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றியிருந்தால் பைனெமுக்கு மனசு ஆறியிருக்கும். அது மட்டும் முடியாது. பூனையைக் குளிப்பாட்டினால் மழை வரும் என்று ஜாவாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்தத் தெருவில் பதினோரு வீடு, பதினோரு வாசலிலும் இறால் அப்பளம் காய்கிறது. தப்பித்தவறிப் பூனையை நனைத்தவள் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியாது.

இது பூனைக்கும் தெரியும் போலிருக்கிறது. மூங்கில் தட்டியில், ஈர அப்பளத்தின் மேலேயே கால் நீட்டிப் படுக்கும். விளக்குமாற்றை ஓங்கினால் கொட்டாவி விடும். தப்பு பைனெமுடையதுதான். மாவு பிசைந்த அன்று, போனால் போகிறதென்று நாலு இறால் தலையை விட்டெறிந்தாள். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது சனியன். போதாக்குறைக்குத் தட்டிகளுக்கு அடியில் கிடந்த சாக்கில் மூன்று குட்டிகளை வேறு போட்டது.

எதிர்வீட்டு டார்சி, தன் அப்பளத்தில் பூனைமுடி கிடக்கிறதென்று சண்டைக்கு வரும்போதெல்லாம், அது என் பூனையே இல்லை, தெருப்பூனை என்று பைனெம் சத்தியம் செய்வாள். செய்துவிட்டு உள்ளே போய் அதற்கு மீன்சோறு பிசைவாள். குட்டிக்குப் பால் கொடுக்கிறதே, பட்டினி போட முடியுமா என்று தன் மேலேயே எரிந்து விழுவாள்.

அந்த வாரம் கல்யாண வீட்டு ஆர்டர் வேறு. முப்பது கிலோவை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இன்னும் அரை வெயில் பாக்கி. நனைந்தால் அத்தனையும் பூஞ்சை பிடித்துப் போகும், மறுபடி செய்ய நாளும் கிடையாது.

வியாழக்கிழமை மத்தியானம், சுளீரென்ற வெயிலில், பூனை ஒரு குட்டியைக் கவ்வி வந்து வீட்டுக்குள் அவள் மடித்துவைத்த துணிமேல் போட்டது. பைனெம் திட்டிக்கொண்டே அதைச் சாக்கில் கொண்டுபோய் விட்டாள். பூனை மறுபடி தூக்கி வந்தது. மறுபடி விட்டாள். மூன்றாம் தடவை அதைப் போட்டுவிட்டு, அவளைப் பார்த்து ஒரு கத்தல் கத்தியது. அவளுக்கு என்னவோ உறைத்தது. வானத்தைப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. ஆனாலும், பூனை பேச்சைக் கேட்கிற காலம் வந்துவிட்டதே என்று புலம்பியபடி ஒவ்வொரு தட்டியாக உள்ளே சேர்த்தாள். பூனை இரண்டாவது குட்டியோடு அவள் காலுக்குள் புகுந்து ஓடியது.

கடைசித் தட்டி வாசலைத் தாண்டியபோது மழை கொட்டியது. தெருவே அலறியடித்து ஓடியது. பூனை மூன்றாவது குட்டிக்காக மழைக்குள் பாய்ந்து, சொட்டச் சொட்டத் திரும்பியது. பைனெம் தலைத்துணியை அவிழ்த்து அதைத் துவட்டிக்கொண்டிருந்தபோது டார்சி நாலு பேரோடு வந்து நின்றாள். நனையாத தட்டிகளைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பூனையைப் பார்த்தாள்.

“எங்களுதெல்லாம் கூழாப் போச்சு. உன்னுது மட்டும் உள்ள இருக்கு. பூனைய எப்பக்கா குளிப்பாட்டின?”

பூனை குட்டியை உள்ளே தூக்கி வந்ததைப் பார்த்துத்தான் தட்டிகளை எடுத்தேன், மழை தொடங்கிய பிறகுதான் அது நனைந்தது என்று பைனெம் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தெருப்பூனைதானே, குட்டியோடு சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடலாம் என்றான் ஒருவன். ஆமாம், தெருப்பூனைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி அவளை விட்டுப் போய்விடும். இத்தனை நாள் சத்தியம் செய்த வார்த்தைதான்.

“என் பூனை,” என்றாள் பைனெம். “குட்டியும் என்னுது. யாராவது கைய வச்சுப் பாருங்க.”

வெள்ளிக்கிழமை காலை வெயிலில் பாக்கியும் காய்ந்து, அப்பளம் கல்யாண வீட்டுக்குப் போனது. தெருவில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை, டார்சி தட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“அக்கா, உன் பூனை குட்டிங்கள எங்க வச்சிருக்கு? உள்ளயா, வெளியயா?”

பைனெம் எட்டிப் பார்த்தாள். தாயும் மூன்று குட்டிகளும் அவளுடைய ஈர அப்பளத்தின் மேல் படுத்துக் கிடந்தன.

“வெளியதான்,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

டார்சி தன் தட்டியை வெயிலில் போட்டாள்.