நெரிடா பரிந்துரைத்த நாவல்

ஜூன் மாதத்தின் ஒரு காலையில், தேயிலைப் பெட்டியின் மேலிருந்த எழுத்துகள் நெரிடா கிராப்பருக்குச் சொல்லாகச் சேர மறுத்தன. அவை மங்கலாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் கூர்மையாகவே தெரிந்தது. ஒன்றோடொன்று உறவில்லாதவை போலத் தனித்தனியே நின்றன. மூளையில் சிறியதோர் இரத்த அடைப்பு என்று மாநிலத் தலைநகரான ஹோபார்ட்டின் மருத்துவர்கள் சொன்னார்கள். பேச்சுக்குப் பாதிப்பில்லை, கைகால்களுக்கும் இல்லை, வியப்புக்குரிய வகையில் எழுதவும் முடிந்தது. படிக்க மட்டும் முடியவில்லை. வாங்கவேண்டியவற்றைத் தானே எழுதி எடுத்துக்கொண்டு போய், கடை நடுவே நின்று, தன் கையெழுத்தை யாரோ ஒருவருடைய கையெழுத்தைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். திறன் மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்பதே மருத்துவர்களின் கணிப்பு.

ஊரில் யாருக்கும் அவர் இதைச் சொல்லவில்லை. காரை விற்றதற்குக் கண்புரையைக் காரணமாகச் சொன்னார்.

சொல்லாததற்குக் காரணம், ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமைப் பிற்பகலில் நூலகத்தின் பின்னறையில் கூடும் வாசகர் வட்டம். பள்ளியில் இலக்கியம் கற்பித்து ஓய்வுபெற்ற பிறகு நெரிடாவே தொடங்கியது அது. ஒவ்வொருவரும் தாம் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை மேசைமேல் வைத்து அதைப் பற்றிப் பேசவேண்டும். மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்கலாம். ஒருவர் சொல்லக் கேட்டு இன்னொருவர் ஒரு புத்தகத்தைத் தேடிப் போவது விமர்சனத்தின் மிகப் பழைய வடிவமாக இருக்கவேண்டும். எந்த ஆய்விதழும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்த வட்டத்தில் நெரிடாவின் சொல்லுக்குத் தனி எடை இருந்தது. அவர் "சுமார்" என்று சொன்ன நாவல் நூலக அடுக்கிலேயே தூசி படிந்து கிடக்கும். படிக்க இயலாதவர் என்று தெரிந்துவிட்டால் யாரும் அவரை வெளியே அனுப்பிவிடமாட்டார்கள். சூப் செய்து எடுத்து வருவார்கள். அவர் பேசும்போது தலையைச் சாய்த்துக் கனிவோடு கேட்பார்கள். அவரோடு சண்டை மட்டும் போடமாட்டார்கள். அதற்குத்தான் அவர் அஞ்சினார்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் முன்பு எப்போதோ படித்தவற்றைக் கொண்டு சமாளித்தார். செப்டம்பரில் அது எடுபடவில்லை. தீவுக்குப் போகும் படகை நெடுங்காலம் ஓட்டி ஓய்வுபெற்ற லிண்ட்சி டிபல்ஸ், அவர் வாயைத் திறந்தவுடனேயே மறித்தார்.

"நெரிடா, இதை நீங்க காட்டுத்தீ வந்த வருஷமே சொல்லியாச்சு. நான்கூட அப்பவே படிச்சுட்டேன்."

"கேப்டன் எதைத்தான் படிக்கல?" என்றாள் வூலா. படகுத்துறையில் மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடை அவளுடையது. வாரத்தில் புதன்கிழமைப் பிற்பகல் மட்டும் அதை மூடுவாள். "டெலிபோன் டைரக்டரிகூடப் படிச்சிருப்பார். முடிவு சரியில்லைன்னு சொல்வார்."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு, வேறு என்ன படிக்கிறார் என்ற எதிர்பார்ப்போடு நெரிடாவின் பக்கம் திரும்பினார்கள். நூலகர் எய்ல்சா பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"இன்னொண்ணு படிச்சுக்கிட்டிருக்கேன். வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்," என்றார் நெரிடா. அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. "ரெண்டு அக்கா தங்கச்சி. அப்பா அம்மா விட்டுட்டுப் போன வீடு. அக்கா விக்கணும்ங்கறா. தங்கச்சி வாயைத் திறந்து மாட்டேன்னு சொல்லல. ஆனா தினம் ஒரு அறையைப் பூட்டிக்கிட்டே வர்றா."

"பூட்டி?" என்றாள் வூலா.

"பூட்டிச் சாவியை ஏப்ரன் பையில போட்டுக்கறா. வீடு வாங்க வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு அறை கம்மியா இருக்கு. அக்கா அதைக் கண்டுக்காத மாதிரியே இருக்கறா. ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசறதே இல்ல."

அறையில் அசைவில்லை. வகுப்பறை கவனிக்கத் தொடங்கும் கணத்தை நெரிடா நன்றாக அறிந்தவர். எழுதியவர் யார் என்று எய்ல்சா கேட்டபோது, ஐரீன் வோஸ்பர் என்ற பெயரும் 'தெற்கு அறை' என்ற தலைப்பும் தயக்கமின்றி வந்தன. கனடாவில் ஏதோ சிறிய பதிப்பகம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஆ, அதுவா?" என்றார் லிண்ட்சி. "அது நான் படிச்சதுதான். நடுவுல நல்லா போகும். முடிவுதான் சொதப்பல்."

நெரிடா அவரையே பார்த்தார். லிண்ட்சி முகத்தில் எந்தச் சலனமும் இல்லை; லாமிங்டன் கேக் ஒன்றை எடுத்துத் தேங்காய்த் துருவலை மெல்லத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் இல்லாத ஒரு நாவலுக்கு அங்கே இரண்டு வாசகர்கள் இருந்தார்கள். ஒருவர் மற்றவரை அம்பலப்படுத்தவேண்டுமென்றால் முதலில் தம்மை அம்பலப்படுத்திக்கொள்ளவேண்டும். அதனால் நெரிடா அவரை மறுக்கவில்லை.

வீடு திரும்பும்போது வூலாதான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனாள். காரை விற்றதிலிருந்து அதுதான் வழக்கம். ஆப்பிள் தோட்டங்கள் முடிந்ததும் வேகத்தைக் குறைத்தாள்.

"அந்தப் புத்தகம் எனக்கு வேணும், நெரிடா."

"கிடைக்கறது கஷ்டம்னு நினைக்கறேன்."

"எங்க அக்கா தெஸ்பினாவும் நானும் பேசி ரெண்டு வருஷம் ஆகுது. அம்மா வீட்டு விஷயம்தான். உங்களுக்குத்தான் தெரியுமே. யாரோ எங்க வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து எழுதின மாதிரி இருக்கு."

நெரிடாவுக்குத் தெரிந்திருந்தது. வூலாவே கோடைக்காலத்தில் ஒரு மாலை முழுவதும் சொல்லி அழுத கதை அது. அறைகளும் பூட்டுகளும் மட்டுமே நெரிடாவுடையவை. சகோதரிகளின் மௌனத்தை எங்கிருந்து எடுத்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்டோபர் கூட்டத்துக்கு எய்ல்சா ஒரு குழப்பத்தோடு வந்தாள். டிசம்பர் மாதத்துக்கு எல்லாரும் சேர்ந்து படிக்க 'தெற்கு அறை'யை வரவழைக்க நினைத்துத் தேடியிருக்கிறாள்; மாநில நூலகத்தில் இல்லை, மற்ற மாநிலங்களிலும் இல்லை, அப்படியோர் எழுத்தாளரின் பெயரே எங்கும் இல்லை.

"சின்னப் பதிப்பகம்னா அப்படித்தான்," என்றார் லிண்ட்சி. "நூறு காப்பி போட்டிருப்பான். என்னோடதைத் தர்மத்துக்காகப் பழசு விக்கற கடைக்குக் கொடுத்துட்டேன். இல்லாட்டி கொண்டுவந்திருப்பேன்."

"ஹோபார்ட்ல பழைய புத்தகக் கடை ஒண்ணு விடாம போன் பண்ணிட்டேன்," என்றாள் வூலா. "நெரிடா, உங்க காப்பியைத்தான் குடுங்களேன். மீன் வாடை படாம திருப்பித் தர்றேன்."

"அதை... முடிச்சதும் ஒருத்தங்களுக்குக் கொடுத்துட்டேன்."

"அப்போ முடிவையாவது சொல்லுங்க. எனக்கு இன்னைக்கே தெரியணும். அக்காகிட்ட போன்ல பேசினேன்." அவள் குரல் சற்றுத் தாழ்ந்தது. "பேச வேற ஒண்ணும் கிடைக்கல. இந்தக் கதையைச் சொன்னேன். அவ குறுக்கே பேசாம கேட்டா. கடைசில, முடிவு தெரிஞ்சா கூப்பிடுன்னா. அவளே சொன்னா, கூப்பிடுன்னு."

நெரிடா வாயைத் திறப்பதற்குள் லிண்ட்சி தொண்டையைச் செருமினார்.

"நான் சொல்றேனே. தங்கச்சி வீட்டைக் கொளுத்திடறா. எல்லா அறையும் பூட்டின பிறகு, ராத்திரி, அக்கா தூங்கறப்போ. ஒரு பிடி சாம்பல்தான் மிச்சம். அதான் சொதப்பல்னு சொன்னேன்."

வூலா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். "கொளுத்திடறாளா? அக்கா உள்ள இருக்கறப்பவா?"

"அதெப்படி!" என்றார் நெரிடா.

குரல் அவர் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படி முடியவே முடியாது, லிண்ட்சி. அவ சாவியைத் தூக்கி ஆத்துல போடல. ஒண்ணொண்ணா ஏப்ரன் பையில சேத்து வெச்சுக்கிட்டிருக்கா. கொளுத்தப்போறவ எதுக்குச் சாவியைப் பத்திரப்படுத்தணும்? என்னைக்காவது திறக்கணும்னு இருக்கறவதான் சாவியை வெச்சுக்குவா."

"நீங்க என்ன வேணா சொல்லுங்க. நான் கடைசி அத்தியாயம் படிச்சவன்."

"கடைசி அத்தியாயமே கிடையாது."

"கிடையாதுன்னா?"

"முதல் அத்தியாயமும் கிடையாது. அப்படி ஒரு புத்தகமே இல்ல. நான் இங்க உக்காந்து, இதே நாற்காலில, இட்டுக்கட்டினது." அதற்குப் பிறகு நிறுத்துவதில் பொருளில்லை என்று தோன்றியது. "ஜூன் மாசத்துலேர்ந்து என்னால படிக்க முடியல. மூளையில அடைப்பு வந்தது. எழுத்து தெரியுது, வார்த்தை தெரியல. உங்ககிட்ட சொல்ல எனக்கு மனசு வரல."

எய்ல்சா எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள். "ஐயோ, நெரிடா," என்றாள். யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். தலைகள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கின. அவர் அஞ்சியது அவர் கற்பனை செய்த வரிசையிலேயே நடந்துகொண்டிருந்தது. லிண்ட்சி காது வரை சிவந்து, "நான் வேற ஏதோ புத்தகம்னு நினைச்சு..." என்று முனகினார்.

"எந்தப் புத்தகம், கேப்டன்?" என்றாள் வூலா. "அதுலயும் வீட்டுக்குத் தீ வெக்கறாங்களா?" பிறகு நெரிடாவிடம் திரும்பினாள். "அவரை விடுங்க, அவர் எப்பவும் இப்படித்தான். நீங்க எப்படி என்னை முட்டாளாக்கலாம்? படிக்க முடியலைன்னா படிக்க முடியலைன்னு சொல்லித் தொலைக்கறதுதானே? நான் எங்க அக்காகிட்ட சத்தியம் பண்ணாத குறையா, இருக்கற புத்தகம்னு சொல்லியிருக்கேன்!"

"வூலா, அவங்களுக்கு உடம்பு..." என்று தொடங்கினாள் எய்ல்சா.

"உடம்புக்கு என்ன? வாய் நல்லாத்தானே வேலை செய்யுது? போன மாசம் என்னமா அளந்தாங்க!"

மற்றவர்கள் அதிர்ந்துபோனார்கள். நெரிடாவுக்கோ, அந்த அறையில் இயல்பாக மூச்சு விட முடிந்தது அப்போதுதான்.

வண்டியிலும் சண்டை ஓயவில்லை.

"அக்காகிட்ட இப்போ என்னன்னு சொல்றது?"

"நடந்ததைச் சொல்லு."

"சொன்னா போனை வெச்சுடுவா. இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எடுப்பா. சரி, முடிவு என்ன? நீங்கதானே எழுதினீங்க?"

"தெரியல. அவ்வளவு தூரம் நான் யோசிக்கல."

"கொளுத்தமாட்டான்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"அது இருக்கறதை வெச்சுச் சொன்னது. இல்லாததை எப்படிச் சொல்றது?"

"வாத்தியார் பேச்சு!" என்று வண்டியை வாசலில் நிறுத்தினாள் வூலா. நெரிடா இறங்கிய பிறகும் அவள் கிளம்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்த அறையை முதல்ல பூட்டினா? எங்க அக்கா அதையும் கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல."

"அம்மாவோட தையல் அறைன்னு நினைக்கறேன்."

வூலா தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். அன்று மாலை அவள் மெல்பர்னில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து, புத்தகம் பொய் என்பதையும் தையல் அறையையும் ஒரே மூச்சில் சொன்னதாகவும், தெஸ்பினா போனை வைக்கவில்லை என்றும் நெரிடாவுக்குப் பிறகுதான் தெரியவந்தது. வீட்டைப் பற்றி அவர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

நவம்பர் கூட்டத்துக்குப் போவதா வேண்டாமா என்று நெரிடா பல நாள் யோசித்தார். சூப் வந்துகொண்டுதான் இருந்தது. எய்ல்சா ஒலிப்புத்தகங்கள் சிலவற்றைப் போனில் ஏற்றித் தந்திருந்தாள். வாரம் ஒரு முறை ஹோபார்ட்டிலிருந்து மீண்டும் படிக்கப் பழக்கும் பயிற்சியாளர் ஒருவர் வந்துபோனார். எழுத்தை விரலால் வரைந்து பார்த்தால் சில வேளை சொல் பிடிபட்டது. இவற்றில் எதுவும் மேசைமேல் வைக்கத் தக்கதாக அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் புதன்கிழமை வூலா வாசலில் ஹாரனை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"வரலைன்னா சொல்லிடுங்க. ரெண்டாம் பாகம் எழுதிக்கிட்டிருக்கீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிடறேன்."

முறை சுற்றி வந்தது. லிண்ட்சி கப்பல்களின் வரலாறு ஒன்றை மேசைமேல் வைத்து, பாதிதான் படித்திருப்பதாகச் சொன்னார். வட்டத்தில் அவரிடமிருந்து அப்படியொரு வாக்கியம் வருவது புதிது. அடுத்து நெரிடா. அறை மீண்டும் தலையைச் சாய்த்தது. அவர் கைப்பையிலிருந்து பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து வைத்தார். பயிற்சியாளர் கொடுத்தது. அட்டையில் ஒரு வாத்து இருந்தது.

"இதுதான் இப்போ படிக்கறேன்," என்றார். "ஒரு வாத்து குளத்துக்குப் போகணும்னு கிளம்புது. வழியில ஒவ்வொருத்தரா வந்து போகாதேங்கறாங்க. ரெண்டு வாரமா இதோடதான் இருக்கேன்."

மற்றவர்கள் அட்டையிலிருந்த வாத்தைப் பார்த்தார்கள். எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் வூலா. அவள் கேட்ட தொனியில் சலுகை ஏதும் இல்லை.

நெரிடா சற்று யோசித்தார். "ஆரம்பம் ரொம்ப இழுவை. எழுதினவருக்குச் சொன்னதையே திருப்பிச் சொல்ற வியாதி இருக்கு. ஆனா நரி வந்த பிறகு வேகம் பிடிக்குது. நரிக்கு மட்டும் சொந்தமா ஒரு குரல் கொடுத்திருக்கார்."

"குழந்தைகளுக்கானது, நெரிடா. திருப்பிச் சொன்னாத்தானே மனசுல நிக்கும்?" என்றார் லிண்ட்சி. "அது குறையில்ல. உத்தி."

"உத்தின்னா அது எங்கேயாவது கொண்டுபோய் விடணும், லிண்ட்சி. இதுல வாத்து நின்ன இடத்துலயே நிக்குது."

"நீங்க இன்னும் முடிக்கலையே. அதுக்குள்ள எப்படிச் சொல்றீங்க?"

"படிச்ச வரைக்கும் சொல்றேன். எட்டாம் பக்கம்."

"எட்டுப் பக்கத்தை வெச்சு ஒரு ஆசிரியரை எடை போடறது அநியாயம்," என்றார் லிண்ட்சி, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு. மேசையின் மறுமுனையிலிருந்த ஒருவர், போன கோடையில் நெரிடா ஒரு தடித்த நாவலை இருபது பக்கத்திலேயே தள்ளிவைத்ததைச் சொல்லி அவருக்குத் துணை சேர்ந்தார். எய்ல்சா நேரமாகிறது என்று நினைவூட்டியதை யாரும் காதில் வாங்கவில்லை. நெரிடா புத்தகத்தைத் திறந்து, நரி பேசும் வரியின்மேல் விரலை வைத்து, தன் தரப்புக்கு அதைச் சான்றாகக் காட்ட, எழுத்து எழுத்தாக வரையத் தொடங்கினார். அவர் வரியை முடிக்கும்வரை லிண்ட்சி மறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.