காற்று நிற்கும் நேரம்

கடையில் இரண்டு ஜெனரேட்டர்கள்தான் மிச்சம் இருந்தன. காலையில் எட்டு இருந்ததாம்.

"ஒண்ணு அஞ்சு கே.வி.ஏ. டீசல். தூக்க நாலு ஆள் வேணும்," என்றார் கடைக்காரர் கண்ணையன். "இன்னொண்ணு ரெண்டு கே.வி.ஏ. பெட்ரோல். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது. உங்க லோடு என்னா தம்பி?"

"முந்நூத்தம்பது வாட்."

"அவ்ளோதானா? மிக்ஸி ஓட்டவா ஜெனரேட்டர் வாங்க வந்தீங்க? ரெண்டு நாள் சட்னி இல்லாம இட்லி துன்னா ஒண்ணும் ஆயிடாது."

"ஆக்சிஜன் மிஷின். மாமனாருக்கு."

கண்ணையன் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். சின்னதன் மேலிருந்த அட்டையைக் கிழித்து, எண்ணெய் ஊற்றி, கயிற்றை இழுத்துக் காட்டினார். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. கடை முழுக்கப் புகை.

"லிட்டருக்கு ஒண்ணரை மணி நேரம் ஓடும். வெளியதான் வைக்கணும், பொகை வெளிய போவணும். ஆனா மழை படக்கூடாது. ரெண்டும் எப்படிங்கன்னு கேக்காதீங்க. காலையிலேர்ந்து எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க."

கலைச்செல்வன் கேட்கவில்லை. அவன் இப்போதெல்லாம் யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

புயல் நாளை மாலை புதுச்சேரி அருகே கரை கடக்கும் என்றார்கள். அருகே என்றால் எவ்வளவு அருகே என்று சென்ற வருடம் தெரிந்துவிட்டது. பெட்ரோல் பங்கில் ஒன்றரை மணி நேரம் நின்றான். மூன்று கேன், பதினைந்து லிட்டர். இருபத்திரண்டு மணி நேரம். வீட்டிலிருக்கும் இன்வெர்ட்டர், பேட்டரி பழசாகிவிட்டதால், இன்னும் ஒன்றரை. சென்ற வருடம் அவர்கள் இருக்கும் லாஸ்பேட்டைக்குக் கரண்ட் வர நாற்பத்தோரு மணி நேரம் ஆனது.

மீதிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஜெனரேட்டரை ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு வீடு வந்தான்.

சாமிக்கண்ணு கூடத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார், மூக்கில் குழாயோடு. வீராம்பட்டினத்தில் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். நுரையீரல் கெட்டபிறகு மகள் தேவிப்பிரியா அவரை இங்கே கூட்டிவந்தாள். கட்டிலருகே ஆக்சிஜன் மிஷின் பகலும் இரவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அது நின்றால் கால் மணி நேரத்தில் அவருடைய உதடு நீலமாகும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று மருத்துவர் சொன்னதைக் கலைச்செல்வன் மறக்க முயன்றதில்லை.

"ஆஸ்பத்திரில சேத்துடறேன் மாமா. அங்க கரண்ட் போவாது."

"அங்கதான எம் பொண்ண வெள்ளத் துணி போத்திக் குடுத்தானுங்க," என்றார் சாமிக்கண்ணு. மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் வரல," என்று முடித்தார்.

மகள் இருந்தவரை அவர் மருமகனை வாங்க, போங்க என்றுதான் கூப்பிட்டார். காதல் கல்யாணம்; பையன் வில்லியனூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம்; மரியாதைக்குள் ஒரு கோபம் இருந்தது. அவள் போனபிறகு வா, போ ஆகிவிட்டது. எப்போது மாறியது என்று இருவரும் கவனிக்கவில்லை.

சென்ற வருடம் ஐப்பசியிலேயே தேவிப்பிரியா சொன்னாள், ஒரு ஜெனரேட்டர் வாங்கிடலாம் என்று. கலைச்செல்வன் பி.எஸ்சி. வேதியியல், மேட்டுப்பாளையத்தில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். ஒரு தாளில் வாட், ஆம்பியர், மணி எல்லாம் எழுதி, இன்வெர்ட்டரே போதும் என்று நிரூபித்தான். புயலன்று அவன் தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டான். பேட்டரி செத்தது. அப்போது நோய் இவ்வளவு முற்றவில்லை, கிழவர் குழாயில்லாமலும் ஓரளவு தாங்குவார்; இருந்தும் மூச்சுத் திணறியது. அவள் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்க ஸ்கூட்டரில் போனாள். கொக்குப் பார்க் சிக்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம் விழுந்தது.

அந்தத் தாள் இன்னும் ஃபிரிஜ்ஜின் மேல் இருந்தது. அவன் எடுக்கவில்லை.

மறுநாள் காலை மொட்டைமாடியில் கிடந்த ஓட்டை உடைசலைக் கீழே இறக்கினான். குடத்திலும் வாளியிலும் தண்ணீர் பிடித்தான். பக்கவாட்டுச் சந்தில் தூண்மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டினான். முன் வராந்தாவில், கம்பிக் கதவுக்குப் பக்கத்தில், ஜெனரேட்டரை வைத்து ஒயரை ஜன்னல் வழியே கூடத்துக்கு இழுத்தான். பதினோரு மணிக்கு மின்துறையே கரண்டை நிறுத்தியது. இன்வெர்ட்டரில் கால் மணி நேரத்துக்குச் சார்ஜ் மிச்சம் வைத்து, பன்னிரண்டேகாலுக்குக் கயிற்றை இழுத்தான். ஓடியது.

இரண்டு மணிக்கு வாடைக்காற்று நேராக வராந்தாவுக்குள் வந்தது. மழை மேலிருந்து விழவில்லை. பக்கவாட்டில் வந்து அறைந்தது. ஜெனரேட்டர் இருமியது. ஒருமுறை எழுந்து, மறுபடி இருமி, நின்றது. உள்ளே ஆக்சிஜன் மிஷின் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பிளக்கை இன்வெர்ட்டரில் மாற்றினான். கால் மணி நேரம்.

"உள்ள தூக்கினு வா மாப்ள," என்றார் சாமிக்கண்ணு. "இஞ்சின மழையில வுட்டுட்டு எவனாவது உள்ள ஒக்காருவானா? புயலுன்னா நாங்க மொதல்ல போட்டு இஞ்சினத்தான் கழட்டி வூட்டுக்குள்ள கொண்டாருவோம். பொண்டாட்டி புள்ளய அப்புறந்தான் கூப்புடுவோம். வயக்காட்டுக்காரனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்."

அவன் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தான். துணியால் துடைத்தான், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஊதினான், மாட்டினான். ஏழாவது இழுப்பில் பிடித்தது. ஒயரைக் கூடத்துக்கு இழுத்து மிஷினைச் செருகினான். கிழவருக்குப் புகை போகக் கூடாது என்று கூடத்துக் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்தான். ஜன்னலில் ஒரு கதவைத் திறந்துவைத்தான். காற்று அதை அறைந்து சாத்தியது. மறுபடி திறக்கப் போனவன், நின்றான்.

அந்தப் புகையில் என்ன வாயு என்று அவனுக்குத் தெரியும், கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பரீட்சையில் எட்டு மதிப்பெண் கேள்வி. பத்து நிமிடம் பார்க்கலாம் என்று தரையில் உட்கார்ந்தான், அலமாரியில் சாய்ந்து. எதிரே அவள் வாங்கிய மஞ்சள் நிற மசாலா டப்பாக்கள். தலை வலித்தது. அப்புறம் வலி தள்ளிப்போனது. ஒரு வருடத்தில் முதல் முறையாக எங்கேயும் போகவேண்டியதில்லை, யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை என்று பட்டது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் போதும்.

"மாப்ள."

யாரோ எங்கேயோ கூப்பிட்டார்கள்.

"யோவ் மாப்ள! செவிடாயிட்டியா?"

அப்புறம் கதவு திறந்த சத்தம். இஞ்சின் நின்றது. பின்கதவின் தாழ் விழுந்து மழையும் காற்றும் உள்ளே கொட்டின. முகத்தில் தண்ணீர் அடித்து அவன் கண் விழித்தபோது, சாமிக்கண்ணு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மூக்கில் குழாய் இல்லை. உதடு நாவற்பழ நிறம். கக்கூசுக்கு மூன்று எட்டு வைக்கவே இரண்டு தடவை நிற்கிறவர், கூடத்தைத் தாண்டி வந்திருந்தார்.

கலைச்செல்வன் வாந்தி எடுத்தான். பிறகு தவழ்ந்து எழுந்து, அவரை அணைத்துப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்துப்போனான். யார் யாரைப் பிடித்துப் போனார்கள் என்று சொல்ல முடியாது. பிளக்கை இன்வெர்ட்டரில் செருகி, குழாயை அவர் மூக்கில் வைத்தான். மிஷின் மூச்சு விட்டது. இன்வெர்ட்டரில் ஒரே ஒரு கோடு எரிந்தது.

மூச்சு திரும்பியதும் அவர் பேசினார்.

"இஞ்சின உள்ள கொண்டாந்து வைக்கிறதுதான் எங்களுக்குத் தெரியும். உள்ள வச்சி ஓட்டினது இல்ல. நான் சொன்னது தப்பு." மூச்சு. "ஆனா நீ படிச்சவன். தெரிஞ்சிதான செஞ்ச?"

தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரியும் என்று சொன்னாலும் முழு உண்மையில்லை.

"நீ போயிட்டா இந்தக் கொழாய எவன் மாட்டுவான் எனக்கு? அதயாவது யோசிச்சியா?" கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். "சரி. தண்ணித் தொட்டிக்குக் கீழ என்னா இருக்குது?"

"துணி தொவைக்கற கல்லு."

"மேல சிலாப்பு. நாலு பக்கமும் தூணு. அதவிட வேற என்னா வேணும்? கல்லு மேல இஞ்சின வையி. வடக்குப் பக்கம் மட்டும் தார்ப்பாய் கட்டு. தெக்கால தொறந்து வுடு, பொகை அந்தப் பக்கமா போவட்டும். மேலயும் கீழயும் இறுக்கிக் கட்டு, நடுவுல கொஞ்சம் தொய்வு இருக்கணும். தொய்வு இல்லன்னா கிழிச்சிடும்."

வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். காற்று அவனைச் சுவரோடு வைத்துத் தேய்த்தது. முதல் முடிச்சு அவிழ்ந்து தார்ப்பாய் முகத்தில் அறைந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து கிழவர், அவனால் பாதிகூடக் கேட்க முடியாத குரலில், ரெண்டு சுத்து, ரெண்டு சுத்து என்றார். ரெண்டு சுற்று சுற்றினான். நின்றது. இஞ்சினைக் கல்மேல் தூக்கி வைத்துக் கயிற்றை இழுத்தான். உள்ளே இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. இழுத்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. இழுத்தான். எத்தனையாவது என்று எண்ணவில்லை, பிடித்தது.

ஒயரை ஜன்னல் வழியே விட்டு, ஓடிப்போய்ச் செருகினான். மிஷினில் பச்சை விளக்கு. புகை தெற்கே பறந்து போவதை ஜன்னலில் நின்று பார்த்தான். பிறகு சுவரோரம் உட்கார்ந்தான். உரிந்த உள்ளங்கையில் துணியைச் சுற்றினான்.

ஐந்து மணிக்குக் காற்று நின்றது.

குறையவில்லை, நின்றது. வெளிறிய மஞ்சள் வெளிச்சம் வந்தது. தெருவில் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டு நாராயணசாமி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, "அவ்ளோதான் சார், முடிஞ்சிபோச்சு! சும்மா டிவிக்காரன்தான் பயமுறுத்தறான்!" என்று கத்தினார்.

"உள்ள போவச் சொல்லு அந்தாள," என்றார் சாமிக்கண்ணு. "புயலோட கண்ணு நம்ம மேல நிக்குது. இனிமே தெக்கேர்ந்து வரும். தார்ப்பாய அவுத்துத் தெக்கால கட்டு. வடக்க தொற."

கலைச்செல்வன் எழுந்தான். வாசல்வரை போனவன் திரும்பினான்.

"எவ்ளோ நேரம் இருக்கும் மாமா?"

கிழவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மிஷின் நாலைந்து மூச்சு விட்டது.

"அவளும் இதத்தான் கேட்டா," என்றார் சுவரைப் பார்த்து. "பேட்டரி செத்துப்போச்சு. காத்து நின்னுச்சி. எவ்ளோ நேரம்பா இருக்கும்னு கேட்டா. வண்டி சாவிய கையில வச்சினு நிக்கறா. அரை மணி இருக்கும், ஓடிட்டு வந்துடுன்னு சொன்னேன். கடல்ல கிடந்த மனுசன் சொல்றேன்னு நம்பிப் போனா. பத்தே நிமிசம். காத்து வந்துடுச்சி."

கலைச்செல்வன் நின்றான். ஒரு வருடமாக அவள் ஏன் அந்த நேரம் வெளியே போனாள் என்று அவன் யோசிக்காத நாளில்லை. ஃபிரிஜ்ஜின் மேலிருந்த தாளைப் பார்த்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"நான் இன்வெர்ட்டர் போதும்னு எழுதிக் குடுத்தேன் மாமா," என்றான். "கையெழுத்து போடாத குறை."

வாசல் கதவைத் திறந்தான்.

"இப்ப எவ்ளோ நேரம் இருக்கும்?" என்றான் மறுபடியும்.

"தெரியாது மாப்ள," என்றார் சாமிக்கண்ணு, முகத்தைத் திருப்பி. "சத்தியமா தெரியாது. ஓடு. கட்டினதும் வந்துடு. அங்க நிக்காத."

அவன் ஓடினான். போகிற வழியிலேயே, "உள்ள போங்க சார், காத்து திரும்பும்!" என்று கத்தினான். நாராயணசாமி சிரித்தார், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விட்டு உள்ளே போனார். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் முடிச்சை அவிழ்த்தான். ஊறிய கயிறு, பல்லால் கடித்து இழுத்தான். தார்ப்பாயைத் தெற்குத் தூண்களுக்குக் கொண்டுபோய் மேலே ரெண்டு சுற்று, கீழே ரெண்டு சுற்று. நடுவில் தொய்வு. டேங்கைத் திறந்து பார்த்தான். இஞ்சின் சூடாக இருந்தது. பெட்ரோல் ஊற்ற வேண்டுமானால் நிறுத்தி ஆறவைக்க வேண்டும். பாதிக்குமேல் இருந்தது. மூடினான்.

எங்கோ தூரத்தில், கடல் பக்கமிருந்து, லாரி ஒன்று வருவதுபோல ஓர் இரைச்சல் கேட்டது. இந்தத் தெருவுக்குள் லாரி வராது.

கதவைச் சாத்தித் தாழிடவும் அது வந்து வீட்டின் முதுகில் மோதவும் சரியாக இருந்தது. தார்ப்பாய் வெடித்த மாதிரி ஒரு சத்தம். இருவரும் மிஷினையே பார்த்தார்கள். பச்சை விளக்கு ஒருமுறை மங்கி, எழுந்து, நிலைத்தது.

"ரெண்டு சுத்து போட்டியா?"

"போட்டேன்."

"தொய்வு?"

"வச்சேன்."

கிழவர் தலையை ஆட்டினார். கலைச்செல்வன் மீதிப் பெட்ரோலைக் கணக்குப் பார்த்தான். நாளைக் காலை பத்து மணிவரை வரும். அதற்குப் பிறகு கரண்ட் வராவிட்டால் ஸ்கூட்டர் டேங்கில் இருப்பதை உறிஞ்சி எடுக்கலாம். இன்னும் நாலு மணி நேரம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஈரச் சட்டையோடு கட்டிலின் காலடியில், ஜன்னல் வழியே இஞ்சின் சத்தம் கேட்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தான். சாமிக்கண்ணு கையை நீட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார், தூங்கிவிடாதே என்பதுபோல. காற்று போகிறவரை அந்தக் கையை எடுக்கவில்லை.