நேர்முகம் முடியும் வரைக்கும்

அக்காவின் மோதிரம் வெளுத்துப்போனது. மஞ்சள் தங்கம் ஒரு பக்கத்தில் ஈயம்போல் மங்கியிருந்தது. அது ஜெகதீபன் அத்தான் பிரான்ஸிலிருந்து வந்து, பதிவாளர் முன் கல்யாண எழுத்து முடித்த அன்று அணிவித்த மோதிரம். அவர் திரும்பிப் போய்விட்டார். அக்கா விசாவுக்கான தூதரக நேர்முகத்துக்காகத் தலைமன்னாரில் எங்களோடு காத்திருக்கிறாள்.

அம்மா மோதிரத்தை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரான்ஸ்காரருக்கு எங்களைப் பார்க்கப் பித்தளை போடுற ஆக்களாத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

அக்கா அழுதாள். இப்போதெல்லாம் சின்ன விஷயத்துக்கும் அழுகிறாள், அல்லது சீறுகிறாள். இரவில் தூங்குவதில்லை. கோப்பையைப் பிடித்தால் தேநீர் தளும்புகிறது. விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறதாம். நேர்முகப் பயம் என்று அம்மா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பேசாலையில் உயர்தர இரசாயனவியலுக்கு மாலை வகுப்பு இருக்கிறது. இரண்டாம் தடவை பரீட்சை எழுதப் போகிறவர்கள்தான் அங்கே அதிகம். நானும் அதில் ஒருத்தி. வகுப்பு முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகு, தங்கத்தை வெளுக்க வைப்பது எது என்று பரமநாதன் சேரிடம் கேட்டேன். பாதரசம் என்றார். தங்கத்தில் பட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். எங்கே பார்த்தாய் என்று அவர் திருப்பிக் கேட்டபோது, சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஒரு முடிவுக்கு வருவதற்கு முன் அதை நாலு பக்கத்தாலும் தட்டிப் பார்க்காவிட்டால் எனக்கு நிம்மதி வராது. அந்த விரல் தொடுகிறவற்றை ஒவ்வொன்றாக யோசித்தேன். சவர்க்காரம், மீன், தேங்காய்ப்பூ எல்லாவற்றையும் அம்மாவின் கையும் தொடுகிறது. அம்மாவின் காப்பு மஞ்சளாகவே இருக்கிறது. அக்கா மட்டும் தொடுவது ஒன்றுதான். முகத்துக்குப் பூசும் கிறீம்.

மன்னார் டவுனில் சலூன் வைத்திருக்கும் வசந்தமலர் அக்கா, கல்யாண எழுத்துக்கு முன்பு கொடுத்தது. டப்பாவில் ஒரு பிறை படமும் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகளும் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கும் இல்லை. பூசத் தொடங்கிய சில வாரங்களில் அக்கா வெளுத்தாள். அந்த முகத்தோடுதான் எழுத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் தூதரகத்துக்குப் போயிருக்கிறது.

கிறீமை நிறுத்தச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. முன்பு ஒருதரம் நிறுத்திப் பார்த்ததாகச் சொன்னாள். பழைய நிறத்தையும் தாண்டி, திட்டுத்திட்டாகக் கறுத்ததாம்.

"படத்தில இருக்கிற முகத்தோட போகாட்டி ஆள்மாறாட்டம் எண்டு அனுப்பிப்போடுவாங்களாம். ஏஜென்சிக்காரன் சொன்னவன். நேர்முகம் முடியட்டும் ஜெஸ்லி, நானே கொண்டுபோய்க் கடலில எறியிறன்."

கடலில் எறியக் கூடாது, அது மீனுக்குள் போகும் என்றேன்.

"அப்ப மீனும் வெள்ளையாகும். அதுக்கும் ஒரு பிரான்ஸ் மாப்பிள்ளை வரும்," என்று சிரித்தாள். சிரிக்கும்போது அவளுடைய கீழுதடு நடுங்கியது.

வைத்தியசாலைக்குப் போக அம்மா விடவில்லை. கிளினிக் வாங்கில் இருப்பவர்களில் பாதிப்பேர் நம்முடைய கோயில் சனம். பெட்டைக்கு நரம்பு வருத்தம் என்று ஒருத்தி சொன்னால் போதும், பூசை முடிவதற்குள் பிரான்ஸுக்கே கேட்டுவிடும் என்றார்.

ஆகவே நான் தேடத் தொடங்கினேன். கைபேசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. ஆங்கிலம் தடக்கியது. அகராதி பார்த்துப் பார்த்து வாசித்தேன். பாதரசம் நரம்புக் கலங்களை எரிக்கிறது. ஒட்சியேற்ற எதிரிகள் எனப்படும் சில செலீனியச் சேர்வைகள் அந்தக் கலங்களைக் காப்பாற்றுகின்றன. காப்பாற்றுகின்றன என்ற அந்த ஒரு சொல்லிலேயே என் கண் நின்றுவிட்டது. மறுநாள் பாமசியில் செலீனியம் கலந்த விற்றமின் குளிசை வாங்கி வந்து, வாசித்ததை அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன்.

அவள் கவனமாகக் கேட்டாள். நான் எதையாவது படிப்பித்து அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுவே முதல் தடவை.

"அப்ப இதைக் குடிச்சுக்கொண்டு அதைப் பூசலாம்," என்றாள்.

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஒருவேளை அவள் சொல்வதும் சரியோ? நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

அதன்பின் காலையில் குளிசை, மாலையில் கிறீம். முன்பு கிள்ளிப் பூசினவள் இப்போது அள்ளிப் பூசினாள். அம்மாகூட, படிச்ச பிள்ளை வீட்டில் இருப்பது நல்லதுதான் என்றார்.

நான் கட்டுரையை மறுபடியும் எடுத்தேன். இந்த முறை சோதனை செய்த விதத்தை வாசித்தேன். அந்த நரம்புக் கலங்கள் மனித உடம்பில் இருந்தவை அல்ல, கண்ணாடித் தட்டில் வளர்த்தவை. அதில் பாவித்த பாதரசம் மீனில் சேரும் வகை. கிறீமில் இருப்பது வேறு வகையாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் செலீனியச் சேர்வைகள் எந்தப் பாமசியிலும் இல்லாதவை. எல்லாவற்றையும்விட, ஆய்வு செய்தவர்கள் செலீனியத்தை முதலிலேயே கொடுத்திருந்தார்கள். பாதரசம் வருவதற்கு முன்னர். நச்சு உள்ளே போன பின் கொடுத்தால் என்னவாகும் என்று அவர்கள் பார்க்கவே இல்லை. சேரிடம் காட்டினேன். இது தனக்கு மேலான விஷயம், ஆனால் பூசுவதை நிறுத்தாமல் எந்த மருந்தும் பிடிக்காது என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கடவுச்சீட்டைத் திறந்து வைத்துக் கையொப்பம் பழகிக்கொண்டிருந்தாள். நேர்முகத்தில் அதேபோல் போட வேண்டுமாம். கடவுச்சீட்டில் அவளுடைய பெயர், வேணுஜா, ஒரே இழுப்பில் வளைந்து போகும். தாளில் இருந்தது அலைபோல் நடுங்கிய கோடுகள். ஒரு பக்கம் முழுக்க அப்படித்தான்.

"முகம் சரி," என்றாள். "கைதான் என்ர இல்லாத மாதிரிக் கிடக்கு." பிறகு என்னைப் பார்த்தாள். "குளிசையை ரெண்டாக் கூட்டுவமோ?"

அடுத்த நாள் அவள் குளிக்கப் போனதும் டப்பாவைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு மன்னார் பஸ் ஏறினேன். டப்பாவைக் காணவில்லை என்று வீட்டில் கலவரம் நடக்கும். வசந்தமலர் அக்காவிடம் புதியது வாங்க அதிக நேரம் ஆகாது. நான் வென்றெடுத்தது அரை நாள்தான்.

மன்னார் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் இருந்த டொக்டர் இளம் வயதுக்காரர். கிறீமைத் திறக்காமலே பார்த்தார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். குளிசையைக் கூட்டினால் அதுவே நஞ்சாகும், முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கோ என்றார். கிறீமைப் பரிசோதனைக்கு அனுப்ப வழி உண்டு, ஆனால் அது மெதுவாகத்தான் நடக்கும். உடம்பில் பாதரசம் இருக்கிறதா என்று சிறுநீரில் பார்க்கலாம், மாதிரி கொழும்புக்குப் போகும்.

"நோயாளி எங்க?"

வரமாட்டா என்றேன்.

"வளர்ந்த ஆள். வரமாட்டன் எண்டா நாங்கள் போய்த் தூக்கிக்கொண்டு வரேலாது, தங்கச்சி. நீங்கள் பூசினனீங்களோ?"

"இல்லை. ஆனா ஒரே கட்டில். ஒரே தலையணை."

அவர் பேனாவை எடுத்தார். கிறீம் பூசுகிறவரோடு இருப்பவர்களிலும் அது ஏறும் என்றார். என்னில் இருந்தால் வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுச் சோதிக்க அவருக்குக் காரணம் கிடைக்கும், சுகாதாரப் பரிசோதகரும் சலூனுக்குப் போவார்.

"அப்ப நான்தான் நோயாளி," என்றேன்.

தாதி ஒரு சிறிய போத்தல் தந்து கழிப்பறையைக் காட்டினார். கதவைப் பூட்டிக்கொண்டு என் கைகளை நீட்டிப் பார்த்தேன். நடுங்கவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தும் நடுங்கவில்லை. என்னிலே ஒன்றும் இல்லாவிட்டால் அக்காவை யாரும் கூப்பிடப்போவதில்லை. மாதாவே, என்னிலும் அது இருக்க வேண்டும், நிறைய இருக்க வேண்டும் என்று மன்றாடிக்கொண்டே போத்தலின் மூடியைத் திறந்தேன்.