ஆடு புகாத கரடு

பாடைக்கு மூங்கில் பிளக்கும் சத்தத்தையும் மீறிப் பட்டியில் ஆடுகள் கத்தின. சென்னகிருஷ்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நாராயணம்மாவுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. புருஷன் செத்த வீட்டில் கொஞ்ச நேரம் நிம்மதியாக அழக்கூட விடாத சனியன்கள்.

இந்த ஆடுகளால்தான் நாலு வருஷமாக இருவருக்கும் சண்டை. ஊருக்கு மேலே கரட்டில் வேங்கையும் கருங்காலியும் வெட்டிப்போன அடிக்கட்டைகள்தான் மிச்சம் இருந்தன. கன்று நட வேண்டாம், ஆடு புகாமல் அடைத்து வைத்தாலே போதும், கட்டைகள் துளிர்க்கும், விழுந்த விதை தானாக முளைக்கும் என்றார்கள் வனத்துறைக்காரர்கள். ஊர்க்குழு சென்னகிருஷ்ணனைக் காவலுக்குப் போட்டது. அவர் முதலில் பிடித்துக் கட்டியதே பெண்டாட்டியின் ஆடுகளைத்தான்.

"ஊரே சிரிக்குதுய்யா" என்று அவள் கத்தினாள்.

"சிரிக்கட்டும். இன்னொரு மழ போவட்டும், ஆடு வாய்க்கு எட்டாத ஒசரம் போயிரும். அப்புறம் நானே தொறந்து வுடறேன்."

மழைக்கு முன்பே அவர் போய்விட்டார். நேற்றுச் சாயங்காலம் கரட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைப் பிணமாகத்தான் தூக்கிவந்தார்கள்.

திடீரென்று கத்தல் நின்றது. நாராயணம்மா நிமிர்ந்தாள்.

"ஹரீசு, ஆட்டுக்குத் தழ போட்டியா?"

ஓசூர் கம்பெனியில் ராத்திரி ஷிப்டிலிருந்து அப்படியே ஓடிவந்த மகன், இப்போது ஈர வேட்டியோடு நின்றான். "பசியில கத்துதும்மா. பட்டியத் தொறந்து வுட்டுட்டேன்."

"எந்தப் பக்கம் போச்சு?"

அவன் கரட்டைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "நான் போயி ஓட்டியாறேன்."

"கொள்ளிச்சட்டி தூக்கறவன் எங்கடா போவ? என் கொரலுக்குத்தான் அதுங்க திரும்பும்."

பக்கத்து வீட்டு முனிலட்சுமி அவள் கையைப் பிடித்தாள். "எடுக்கற நேரம் அக்கா. கடைசியா ஒருக்கா மொகத்தப் பாக்க வேணாமா?"

"அந்த மொகம் எனக்குத் தெரியாதா?"

முறத்திலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி, முறை வருமுன்பே அவர் வாயில் போட்டாள். கன்னத்தைத் தடவினாள். "எனக்காகக் காத்திருக்காதீங்க, எடுத்துருங்க" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

வேலியின் கடவில், நேற்று அவரைத் தூக்கிவந்த அவசரத்தில், வழியை அடைத்திருந்த முட்படல் முறிந்து கிடந்தது. அடைத்த பிறகு அவள் உள்ளே கால் வைத்ததில்லை. ஒவ்வொரு கட்டையிலும் மார்பளவுக்குத் துளிர்கள் நின்றன. புல்லுக்கிடையே யாரும் நடாத வேங்கைக் கன்றுகள். இவ்வளவு வந்திருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. கெலமங்கலம் சந்தையில் வாங்கிய கிடா முன்காலைத் தூக்கி ஒரு துளிரை வளைத்து மென்றுகொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் அதன் கொம்பைப் பிடித்தாள்.

"ஏய், வெளிய வாடி! வாடா இங்க!"

தொண்டை கிழியக் கத்தி, ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். வீட்டுப் பக்கம் ஓட்டலாம் என்றால் கீழே பாதையில் பறைச்சத்தம் ஏறி வந்தது. ஆடுகள் மிரண்டு கடவுக்கே திரும்பின. அவள் குறுக்கே போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

பாடை வந்தது. மேலிருந்து மாலைதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. முன்னால் போன ஹரீஷ்குமார் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

ஒருமுறை கும்பிட வேண்டும் போலிருந்தது. கிடா அவள் கைக்கடியில் தலையை நுழைத்து முட்டியது. அவள் கையை இறக்கவில்லை.